குழாயில் மூன்று தட்டு

"ஃப்ளூ ஊசி போட்ட கையால இன்னிக்குப் பாரம் எதுவும் தூக்காதீங்க அண்ணே," என்றாள் செவிலி புருல்சா.

"மூச்சு விடுறதே எனக்குப் பாரம்தாம்மா," என்றார் மொல்தோகுல்.

அலாய் மலையடிவாரத்துப் பாதரசச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் தின்ற தூசி அவர் நுரையீரலில் உறைந்திருந்தது. அடுத்த வீட்டு கெரிம்குலுக்கும் அதே தூசி, அதே இருமல். சுரங்கத்தில், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லக் குழாயில் மூன்று முறை தட்டுவார்கள். வேலையை விட்ட பிறகும் இருவரும் தினமும் காலையில், குளிர்காலத்தில் இரண்டு வீட்டையும் சூடாக்கச் சுவர் வழியே ஓடும் வெந்நீர்க் குழாயில் தட்டிக்கொண்டார்கள்.

போன வருடம் ஃப்ளூ தடுப்பூசிக்கு மொல்தோகுல்தான் முதலில் போனார்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார் கெரிம்குல்.

"உயிரே போயிடுச்சு. நீயெல்லாம் தாங்கமாட்டே."

சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவர் வாய் அப்படி. ஊசி என்றாலே நடுங்கும் கெரிம்குல் கடைசிவரை போகவில்லை. பனி உருகுவதற்குள் ஃப்ளூ வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வருட ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த மொல்தோகுல் கல்பாக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றினார். குழாயில் மூன்று தட்டு கேட்டது. இரும்பு சூடேறினால் அப்படிச் சத்தம் போடும்தான். ஆனால் இந்தக் குளிர்காலத்துக்குக் குழாயில் வெந்நீர் திறந்துவிட இன்னும் ஒரு வாரம் இருந்தது. அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது.

கரண்டியால் அவரும் மூன்று முறை தட்டினார். பிறகு சுவரோடு வாயை ஒட்டிவைத்துச் சொன்னார்.

"வலிக்கவே இல்லடா. அன்னிக்கும் வலிக்கல."