கஞ்சி வாளிக்காரி

காய்ச்சலுக்கு ஒரு முகம் எழுதவேண்டும் என்றால், நீங்கள் யாருடைய முகத்தை எழுதுவீர்கள்?

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. மலாயாவில், கூலாய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பட்டை சீவிப் பால்மரம் வெட்டிக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்துக் காய்ச்சலில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில் மட்டும் முப்பத்தொரு பேர் போனார்கள். எட்டு வருஷம் கழித்து அதை நாவலாக எழுத உட்கார்ந்தேன். ஊரில் எனக்குக் கடிதம் போட ஆளில்லை. எழுத நேரம் நிறைய இருந்தது.

அம்மை கண்டால் அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். அந்தக் காய்ச்சலையும் அப்படித்தான் கும்பிட்டோம். அது அம்மா இல்லை, அன்பு மாதிரி வேஷம் போட்டு வந்தது என்று சொல்ல நினைத்தேன். ஆகவே என் நாவலில் காய்ச்சல் ஒரு பெண். வெள்ளைச் சேலை கட்டி, தகர வாளியில் கஞ்சியோடு வாசல் வாசலாக வருவாள். குடித்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

அந்த வாளி என் கற்பனை இல்லை. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்ட நாட்களில் வெள்ளையம்மா அக்கா ஒருத்திதான் வாளி நிறையக் கஞ்சி தூக்கிவந்தாள். அவள் புருஷனைப் புதைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அவள் ஊட்டியவர்களில் பாதிப் பேர் செத்தார்கள். கஞ்சியால் இல்லை, காய்ச்சலால். அவளைவிட அன்பான உருவம் எதுவும் என் மனசில் இல்லை. அதையே எடுத்து நோய்க்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோயில் முன்னால் உட்கார்ந்து, எழுதியதை வாசிப்பேன். படிக்கத் தெரியாதவர்கள் கேட்பார்கள். வாளிக்காரி வருகிற பகுதியை வாசித்த வாரம் எல்லாரும் பாதியிலேயே எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு ஆயாக்கொட்டகைக்குப் பிள்ளைகள் வருவது குறைந்தது. அம்மாக்கள் மரம் வெட்டப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. வெள்ளையம்மா அக்காதான் ஆயா. பிள்ளையே இல்லாவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிடுவதாகவும், அவள் அறையைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்றும் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி, சொல்லிவிட்டாராம்.

அவள் என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"என் வாளிய ஏன் தம்பி அவ கையில குடுத்தே?"

அது நோய்தான், நீங்கள் இல்லை, ஒன்றைச் சொல்ல இன்னொன்றைக் காட்டுவது கதையில் உண்டு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஒரு பேய்னு எழுதியிருக்கக் கூடாதா? இனி நான் எங்க போவேன்?"

அடுத்த ஞாயிறு நான் வாசிக்கவில்லை. கோயில் முன்னால் எழுந்து நின்று, அக்காவின் கஞ்சியை நானும் குடித்தேன், அதனால்தான் பிழைத்தேன் என்றேன். கங்காணி அய்யாவு வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"குடிச்சவனுக்குத்தானப்பா தெரியும். தெரியாமலா எழுதுன?"

வாளிக்காரி வருகிற பக்கங்களை அவர்கள் கண்முன்னாலேயே கிழித்தேன். கிழிக்கக் கிழிக்க, நான் எழுதியது நிஜம்தான் என்று அவர்களுக்கு உறுதியாயிற்று. கிருஷ்ணம்மா, காய்ச்சலில் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள், மடியிலிருந்த கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கொட்டகைக்கு இன்னும் வந்துகொண்டிருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

"பாவம், பயந்துட்டாரு," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். "அவ போய் மெரட்டியிருப்பா."

மறுநாள் காலை கிருஷ்ணம்மா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனாள். எட்டு மணிக்குக் கிராணி ஆயாக்கொட்டகையைப் பூட்டினார்.