நாலு விரல் இடைவெளி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அது இறங்கிய பிறகு நான் படுகிற பாடுதான் யாருக்கும் தெரியாது.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப் போகிற மூடிய வேன் என்னுடையது. அக்காவின் கணவர், என் அத்தான், எட்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்லி வந்தார். அவரும் வேன் ஓட்டியவர்தான். சர்க்கரை வியாதி ஒரு கண்ணைக் கொண்டுபோனதும் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். மனுஷன் வீட்டுக்குள் சுருண்டுவிடுவாரோ என்று அக்கா பயந்தாள். "நீங்க ஓட்ட வேண்டாம் அத்தான், வழி சொன்னா போதும்" என்று நான்தான் கூட்டிவந்தேன். அப்புறம் அந்த இருக்கைதான் அவருக்கு வேலை, மரியாதை எல்லாமே. இடுப்பு வலிக்காக அதில் ஒரு நீல நிற குஷனைப் போட்டு வைத்திருந்தார். வேறு யாரும் அதில் உட்கார்ந்தால் முறைப்பார்.

அவர் வீட்டுப் பக்கம் ஒரு தாழ்வான ரயில் பாலம் உண்டு. வேனின் கூரைக்கும் பாலத்துக்கும் நாலு விரல்தான் இடைவெளி. ஒவ்வொரு தடவையும் அத்தான் இறங்கி முன்னால் நடந்து, இருக்கிற ஒரு கண்ணால் அண்ணாந்து பார்த்து, "வா வா வா... போயிடும், பயப்படாம வா" என்று கையாட்டுவார். ஒரு தடவைகூட உரசியதில்லை.

நான்கு மாதம் முன்பு ஒரு டீச்சரம்மாவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். அத்தான் சொன்ன தெருவை முந்தின வாரம்தான் ஒருவழி ஆக்கியிருந்தார்கள். சுற்றோ சுற்றென்று சுற்றி, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். டீச்சரம்மா வாசலிலேயே நின்று ஒரு பிடி பிடித்தார். அவரை ஒன்றும் சொல்ல முடியாத ஆத்திரத்தில் நான் அத்தான் பக்கம் திரும்பினேன்.

"உங்க கண்ணை நம்பி வண்டி ஓட்டுறேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! வழி சொல்ற மெஷின் ஒண்ணை வாங்கி மாட்டினா தொல்லை விட்டுது!"

கண்ணை இழுத்திருக்க வேண்டாம். சொன்ன மறு நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. அத்தான் நாற்காலிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே ஆரம்பித்தார். "மெஷின் வாங்கணும்னியே, போலாமா? உனக்கு இதெல்லாம் பார்த்து வாங்கத் தெரியாது."

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் எல்லாம் லேட்டாகப் புரியுமே.

கடைக்காரப் பெண் மூன்று ஜி.பி.எஸ். கருவிகளை எடுத்து வைத்தார். இரண்டு காருக்கானவை, விலை குறைவு. மூன்றாவது லாரிக்கானது. வண்டியின் உயரம், அகலம், எடையை எல்லாம் கேட்டுக்கொண்டு, அதற்கு ஏற்ற வழியை மட்டும் காட்டுமாம். விலை இரண்டு மடங்கு. நான் முதலாவதைக் கையில் எடுத்தேன்.

"இதுக்கு உன் செல்போனே போதுமே," என்றார் அத்தான். "ரெண்டுக்கும் உன் வேன் ஒரு காருதான். நான் இல்லாதப்ப பாலத்துல போய் முட்டிக்கிட்டு நிப்ப."

"ஏன், நீங்க எங்க போகப் போறீங்க?" என்று சிரித்தேன். அவரும் சிரித்து வைத்தார்.

அப்புறம் லாரிக் கருவியில் இருந்த குரல்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டார். "இந்த அம்மா அதட்டுது. நம்மாளுக்கு ஒத்துவராது, நடுரோட்டுல சண்டைக்குப் போயிடுவான்." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் ஒரு சாதுவான ஆண் குரலைத் தேர்ந்தெடுத்தார். வேனின் உயரத்தையும் அவரே பதிவு செய்தார், உள்ளதைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் கூட்டி.

"எதுக்கு அத்தான் அதிகமா?"

"மேல மெத்தையைக் கட்டிட்டு மறந்துடுவ மாப்ள."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, வழி எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட் பின்சந்து, ஆஸ்பத்திரியின் பின் கேட், அந்தப் பாழாய்ப்போன ஒருவழித் தெரு என்று நாங்கள் திணறிய இடங்களாகப் பார்த்துப் போகச் சொல்லி அதைச் சோதித்தார். பாலம் வருவதற்கு முன்பே அது வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டது.

"தேறிடுச்சு," என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது குஷனை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"துவைக்கவா அத்தான்?"

"ம்."

திங்கட்கிழமை காலை வழக்கம்போல அவர் வீட்டு முன்னால் ஹாரன் அடித்தேன். அக்காதான் வந்தாள். "இனிமே வரலையாம்டா. மெஷின் வந்துடுச்சாமே."

இறங்கி உள்ளே போயிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். "வராட்டி போகட்டும், எனக்கென்ன!" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். நான் வாங்கி வந்த வரம் அப்படி.

வீம்பிலேயே மூன்று மாதம் ஓடிவிட்டது. போன வாரம் அக்கா போன் செய்தாள். "காலைல ஆறு மணிக்கெல்லாம் குளிச்சு, சட்டை போட்டு உட்கார்ந்துடறாருடா. எங்க கிளம்பறீங்கன்னு கேட்டா எங்கயும் இல்லைங்கறாரு. எனக்குப் பார்க்கவே முடியல."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியில், அதே நீல குஷன் மேல் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"இது ஆன் ஆகவே மாட்டேங்குது அத்தான்," என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். மெஷின் கெட்டுவிட்டால் வருவார் என்று ஒரு கணக்கு.

வாங்கித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். உடனே விளக்கு எரிந்து, எங்கே போக வேண்டும் என்று அந்தச் சாதுவான குரல் கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு மாப்ள."

"அப்படியா? காலைல வரலையே."

என் முகத்தையே பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

நீங்க இல்லாம முடியல அத்தான், வாங்க. ஐந்தே வார்த்தை, தொண்டை வரை வந்தது. நாலு பேர் முன்னால் கத்துவதற்குத் திறந்த வாய், எதிரே அவர் ஒருவர் மட்டும் இருக்கும்போது திறக்கவில்லை.

"இல்ல அத்தான்."

"சரி, பார்த்துப் போ," என்று கருவியை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இடப்பக்கம் திரும்பு என்றது கருவி. திரும்பாமல் நேரே பாலத்துக்கு விட்டேன். எட்டு வருடம் போன பாலம், மேலே மெத்தையும் இல்லை, எப்படிப் போகாது? பாலத்தின் வாயில் நிறுத்தி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிற இடத்திலிருந்து கூரை தெரியவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். இறங்கிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

பின்னால் நின்றவர்களிடம் கையைக் காட்டி வழி கேட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்.