பனிக்கோட்டை எவ்வளவு தூரம்

ஒற்றைக்கண் பூதங்களுக்குத் தூரம் தெரியாது. ஆகவே அவர்களை இரண்டிரண்டு பேராகத்தான் வேலைக்கு நிறுத்துவார்கள். இருவரும் காதோடு காது ஒட்டி நின்றுகொண்டால் இரண்டு கண்களும் சேர்ந்து ஒரு பார்வையாகும். எது பக்கத்தில் இருக்கிறது, எது எட்டத்தில் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

கழுகுக் கணவாயில் பூதலிங்கமும் அவர் மனைவி செண்பகவடிவும் அப்படித்தான் நின்றார்கள். அது விளையாட்டுக்காக உண்டாக்கப்பட்ட உலகம். வெளியே எங்கெங்கோ ஊர்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வீரர்களாக வேடம் தரித்து, தலைக்கு மேல் பெயர் மிதக்கக் கணவாய்க்கு வருவார்கள். கணவனும் மனைவியும் பாறைகளை எறிவார்கள். சில வீரர்கள் சாவார்கள். சில நாள் பூதங்கள் சாவார்கள். மறுநாள் காலையில் எல்லோரும் எழுந்து பல் துலக்குவார்கள். கௌரவமான வேலை. யாருக்கும் யார் மீதும் வருத்தம் கிடையாது.

பிறகு செண்பகவடிவுக்குப் பதவி உயர்வு வந்தது. வடக்கே பனிக்கோட்டை வாசலுக்குக் கோபமான முகமுள்ள ஒரு பூதம் தேவைப்பட்டது. முகம் இருந்தால் போதும், ஜோடி வேண்டாம் என்றார்கள். செண்பகவடிவுக்குக் கோபமே வராது. ஆனால் புருவம் அப்படி அமைந்துவிட்டது.

"போகட்டுமா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றார் பூதலிங்கம்.

அந்தச் சொல்லைப் பற்றி அவர் பின்னால் நிறைய யோசித்தார். பெருந்தன்மையாகச் சொன்னோமா, அல்லது 'போகாதே' என்று சொல்வதற்குச் சோம்பல்பட்டோமா? இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அவள் போனபின் எல்லாமே அவருக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. உலகம் சுவரில் வரைந்த படம்போல ஆகிவிட்டது. டம்ளரும் நிலாவும் ஒரே தூரத்தில் இருந்தன. டம்ளரை எடுக்கப் போய்ப் பக்கத்து மலையிலிருந்த பருந்துக் கூட்டுக்குள் விரலை விட்டார். கொடியில் காயும் வேட்டி என்று நினைத்து ஒரு மேகத்தை இழுத்துக் கட்டிக்கொண்டார். அன்று முழுக்க ஈரமாகவே இருந்தது.

வடக்கே பார்த்தால் பனிக்கோட்டை ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் வாசலில் இன்னொரு சின்னப் புள்ளி. அதுவும் டம்ளர் இருக்கும் தூரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் மட்டும் எட்டவில்லை.

அவர் எறிந்த பாறை ஒன்றுகூட யார் மீதும் விழவில்லை. அவர் எந்த இடத்துக்குக் குறி வைக்கிறாரோ, கணவாயிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று வீரர்கள் கண்டுகொண்டார்கள். அய்யாக்குட்டி என்பவர் அந்த இடத்தில் டீக்கடை போட்டார். வீரர்கள் கவசங்களைக் கழற்றி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றார்கள். புதுமணத் தம்பதிகள் பூதலிங்கத்தின் கட்டைவிரலில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நல்லா குறி பார்த்து எறிங்க. கூரை புதுசு" என்பார் அய்யாக்குட்டி.

பூதலிங்கம் நன்றாகக் குறி பார்த்துத்தான் எறிவார்.

ஒரு நாள் மேற்பார்வையாளர் வந்தார். அவர் ஒரு குறளி. முழங்கால் உயரம் இருப்பார். பெயர் தெய்வநாயகம்.

"வே பூதலிங்கம், அமாவாசைக்கு இந்த விளையாட்டுக்குப் புதுப்பிப்பு வருது, பழசையெல்லாம் மாத்துறாங்க. அதுக்குள்ள ஒருத்தனையாவது அடிச்சிரும். இல்லேன்னா மலையாக்கிருவாங்க."

"தெரியும்."

"யாரும் பயப்படாத பூதத்தை வச்சுக்கிட்டு என்னவே செய்ய? மலைன்னா ஆடாவது மேயும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கணவாய்க்குக் கிழக்கே இருந்த மலை பூதலிங்கத்தின் சித்தப்பா. சித்தி காலமானபின் அவராலும் யாரையும் அடிக்க முடியவில்லை. முந்தைய புதுப்பிப்பில் மலையானார். தோளில் ஆடுகள் மேய்ந்தன. எப்போதாவது பேசுவார்.

"மலையா இருக்கதுல என்னடா குறை?" என்றார் சித்தப்பா. "குளிக்க வேண்டாம், மழையே குளிப்பாட்டிவிட்டுரும். ஆடு மேயறது முதுகு சொறிஞ்சுவிடற மாதிரி இருக்கும். உனக்கு யோசிக்கிற புத்தி வேற. மலைக்குன்னே பிறந்தவன் நீ."

"நடக்க முடியாதே, சித்தப்பா."

"உனக்கு எங்க போகணும்?"

பூதலிங்கம் வடக்கே பார்த்தார். ஒரு சின்னப் பாறை சித்தப்பாவின் சரிவில் உருண்டு கீழே போயிற்று. அது பெருமூச்சு.

அமாவாசை நெருங்கியபோதுதான் யமராஜன் என்ற வீரர் கணவாய்க்கு வந்தார். இடுப்பு வரை தாடி. கையில் இரட்டைக் கோடரி. இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. கோடரியை ஓங்கி வீசினார். அது பூதலிங்கத்தின் காலுக்கு வெகு முன்னாலேயே காற்றை வெட்டியது. பூதலிங்கம் பாறையை எறிந்தார். அது எங்கோ போய் விழுந்தது. மாலைவரை சண்டை நடந்தது. இருவர் மீதும் ஒரு கீறல் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் யமராஜன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, நடுவயதுப் பெண்மணியின் குரலில் பேசினார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. வேணும்னே தள்ளித் தள்ளி எறியிறீங்களா?"

"இல்லம்மா. ஒத்தைக்கண்ணு. தூரம் தெரியல."

"அட, எனக்கும் அதே கூத்துதான். கண்புரை ஆபரேஷன். டீ ஊத்துனா டம்ளருக்கு வெளியேதான் போகுது."

அவர் நிஜப் பெயர் சாந்தகுமாரி. கோவில்பட்டியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. "டி.வி. பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. எம் பையன் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, வந்தேன். தாடிகூட அவன் வச்சதுதான்."

"வந்தது எதுக்கு?"

"வெள்ளையா குவிஞ்சு கிடக்குமாமே, பனி. அதுல ஒரு தடவை உட்காரணும். கோவில்பட்டியில நாங்க மார்கழியிலயும் விசிறிக்கிட்டுத்தான் கிடக்கோம். உங்களை ஜெயிச்சு இந்தக் கணவாயைத் தாண்டுனாத்தான் பனிக்கோட்டையாம்."

பூதலிங்கம் அங்கே இருக்கும் செண்பகவடிவைப் பற்றிச் சொன்னார். காதோடு காது ஒட்டி நிற்பதைச் சொன்னார். அமாவாசையைப் பற்றியும் சொன்னார். 'உன் இஷ்டம்' என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்.

சாந்தகுமாரி தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார். "அப்ப என்ன, கொஞ்சம் குனிங்க. எங்கிட்டயும் ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு."

அமாவாசையன்று காலை அவர் பூதலிங்கத்தின் தோளில் ஏறி, காதைக் காதோடு ஒட்டவைத்தார். தாடி குறுகுறுத்தது. உடனே உலகம் சுவரிலிருந்து கழன்று ஒவ்வொன்றாகத் தன் இடத்துக்குப் போய் நின்றது. டம்ளர் பக்கத்தில் வந்தது. மேகங்கள் எட்டப் போய்விட்டன. டீக்கடை ஒரு கல்லெறி தூரத்தில் இருந்தது. கடைக்குள் ஒரு வீரர் வடையை இரண்டாகப் பிட்டு ஆவி போக ஊதிக்கொண்டிருந்தார்.

கீழே தெய்வநாயகம் துள்ளினார். "இப்ப எறியும்வே! அந்த பெஞ்சு மேலயே போடும்!"

பூதலிங்கம் பாறையை எடுத்தார். இனி அது தப்பாது என்று கைக்கே தெரிந்தது. எறிவதற்கு முன் ஒரு தடவை வடக்கே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பார்த்தார்.

பனிக்கோட்டை வெகு தூரத்தில் இருந்தது. ஆனாலும் அது தூரம்தான், நடந்தால் தீர்ந்துபோகும். வாசலில் செண்பகவடிவு ஒரு கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். தெற்கே தெரியும் ஒரு புள்ளியைப் பிடிக்கப் பார்த்தாள். அந்தப் புள்ளி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டிருக்கும். நீட்டிய முழங்கையில் பனி படிந்திருந்தது. அது ஒரு நாளில் படிகிற பனி இல்லை.

பூதலிங்கம் பாறையைக் கீழே வைத்தார்.

"இறங்கிறாதீங்கம்மா. நடக்கப் போறேன்."

"நடங்க, அண்ணாச்சி."

கணவாயின் எல்லைக்கல்லைத் தாண்டியபோது உச்சந்தலை லேசாக அரித்தது. அங்கே ஒரு பெயர் மிதந்தது: பூதலிங்கம், நிலை ஒன்று.

தெய்வநாயகம் பின்னாலேயே ஓடிவந்து அண்ணாந்து படித்தார். "சரிதான். தன் இடத்தை விட்டுட்டுத் துணையோட கிளம்புறவன் வீரன், அதுதானே விதி. இனி உம்மை மலையாக்க முடியாது. ஆனா நிலை ஒண்ணு. முயல் கடிச்சாலும் செத்துருவீரு. பார்த்துப் போம்."

பிறகு அவர் சித்தப்பா பக்கம் திரும்பி, கணவாய்க்குக் காவல் இல்லாமல் போயிற்று என்று முறையிட்டார். கால் மரத்துப்போயிருக்கிறது, ஒரு கை கொடுங்கள் என்றார் சித்தப்பா. அய்யாக்குட்டி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கை கொடுத்தார். மலை எழுந்து நின்றது. ஆடுகள் இறங்கி வரிசையாக ஓரமாய் நின்றன.

வழியில் ஒரு முயல் குறுக்கே வந்தது. அது போகும்வரை பூதலிங்கம் அசையாமல் நின்றார். அவருக்குப் பின்னால் தெற்கு வானத்தில் புதுப்பிப்பு வந்துகொண்டிருந்தது. மழை நகர்வதைப் போல நகர்ந்தது. அது கடந்த இடத்தில் மரங்களுக்கு வேறு இலை இருந்தது. ஓர் ஆறு இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறிப் படுத்தது.

அவர்கள் பனிக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நீட்டிய கைக்கு நேராக நடந்துபோய், அந்த உள்ளங்கையில் முகத்தை வைத்தார் பூதலிங்கம். விரல்கள் மூக்கைத் தடவின. பிறகு காதைப் பிடித்தன.

"கையை நீட்டிக்கிட்டே நிக்கேன். ஏன் பிடிக்கலை?" என்றாள் செண்பகவடிவு.

"எட்டலை."

"பக்கத்துலதானே நின்னீங்க?"

"இல்ல, வடிவு. ரொம்ப தூரம்."

அவள் புருவத்தை இறக்கினாள். அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது அவள் முகம் அப்படித்தான் ஆகும். அவள் கணுக்கால் வரை பாசி பிடித்திருந்தது. வீரர்கள் அவள் பாதத்தின் மேலிருந்து பலகைகளில் சறுக்கி விளையாடிய தடங்கள் தெரிந்தன. இங்கே வந்ததிலிருந்து அவளும் ஒருவரைக்கூட அடிக்கவில்லை.

"சாயங்காலம் எனக்கும் மலைதான்" என்றாள். "நீங்க வந்துட்டீங்க, போதும். மடியில உட்கார்ந்துக்கிடுங்க."

போதும் என்பது சரிதானா என்று பூதலிங்கம் யோசித்தார். புதுப்பிப்புக்குப் பயந்து வீரர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பனிமேட்டில் தாடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த சாந்தகுமாரி கையைத் தூக்கினார்.

"நான் நிக்கட்டுமா? ஆனா கண்ணுக்கு அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நீங்க பனியைப் பாருங்கம்மா. நானும் இப்ப வீரன்தான்" என்றார் பூதலிங்கம்.

அவர் செண்பகவடிவின் காதோடு காதை ஒட்டினார். அது பழைய இடத்தில் சரியாகப் பொருந்திக்கொண்டது. இருவரும் எதிரே ஒரு தேவதாரு மரத்தைப் பார்த்தார்கள்.

"தூரம் தெரியுதா?"

"தெரியுது."

"அந்தத் தூரத்தைக் கையில இருத்திக்கோ. நான் அங்க போய் நிக்கேன்."

அவர் போய் மரத்தடியில் நின்றார். அங்கிருந்து பார்க்க, அவளும் பாறையும் வானமும் மறுபடி ஒரே தூரத்துக்கு வந்துவிட்டன. ஆனால் அது பொய் என்று அவருக்கு இப்போது தெரியும். அவளுக்குப் பின்னால் மலைகள் ஒவ்வொன்றாகப் புதிதாகிக்கொண்டு வந்தன.

"எறியட்டுமா?" என்று கேட்டாள் செண்பகவடிவு.

பழைய பதில் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "எறி, வடிவு" என்றார்.

"நாளைக்கும் வருவீங்கல்ல?"

"வருவேன்."

"வரும்போது இஞ்சி வாங்கிட்டு வாங்க. இங்க கிடைக்கலை."

பாறை நேராக அவர் நெஞ்சில் விழுந்தது.

மறுநாள் காலை பூதலிங்கம் தொடக்கப்பட்டியில் எழுந்தார். நிலை ஒன்றில் இருப்பவர்கள் எழும் ஊர் அது. பல் துலக்கினார். சந்தையில் இஞ்சி வாங்கினார். சாந்தகுமாரி இன்னும் பனியிலேயே உட்கார்ந்திருப்பதாகவும், கண்கட்டை அவிழ்த்து ஆபீசுக்குப் போகும்வரை எழுவதாக இல்லை என்றும், பனிக்கோட்டை வாசலில் ஒரு பூதம் நிற்பதாகவும், கோபமான முகம் என்றும், பயமாக இருக்கிறது என்றும் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

கழுகுக் கணவாயில் சித்தப்பா நின்றிருந்தார். அவர் தோளில் அய்யாக்குட்டி, காதோடு காது ஒட்டியபடி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"காலையிலேயே ஒரு கல்யாணக் கோஷ்டியை அடிச்சாச்சு. நீ போ" என்றார் சித்தப்பா.

அவருடைய ஒரு கண்ணும் அய்யாக்குட்டியின் இரண்டு கண்களும் சேர்ந்து மூன்று. மூன்று கண் இருப்பதால் தூரம் தெரிந்தது போக, நாளையும் தெரிந்தது.

"நாளைக்கு அங்க மழைடா. கல்லு ஈரமாகி வழுக்கும். மரத்துக்கு ஒரு முழம் இடது பக்கமா விழுது. தள்ளி நின்னுக்கோ, அவளுக்குத் தப்பிரக் கூடாது."

"இன்னைக்கு எங்க விழும், சித்தப்பா?"

"அது எங்களுக்குத் தெரியலை. நாளைக்குத்தான் தெரியுது."

பூதலிங்கம் சரி என்றார். இஞ்சியைக் காதில் செருகிக்கொண்டு, முயல் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு, வடக்கே நடந்தார்.