பெயர் போடாத மின்னஞ்சல்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதிக்கு முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்த திருச்செல்வம், ஓய்வுபெறும் நாளன்று கணினிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி விக்னேஸ்வரி. வேலையை விட்டுப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போகவேண்டும் என்பது கோலாலம்பூர் தலைமையகம் கொண்டுவந்த வழக்கம். இந்த மலைத் தோட்டத்தில் யார் வேலையை விட்டுப் போனாலும் அதை எழுதுவது அவள்தான். கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் வைத்திருப்பதுபோல ஒரு வாசகம் தயாராக வைத்திருந்தாள். முதலில் எஸ்டேட் நிர்வாகியான துரைக்கு நன்றி, பிறகு உடன் வேலை செய்தவர்களுக்கு, கடைசியில் தொலைபேசி எண். மனக்குறை எதையும் சொல்லக்கூடாது. முக்கியமாக, தனியாக யார் பெயரையும் போடக்கூடாது.

இந்தக் கடைசி விதி பட்டுத் தெரிந்துகொண்டது. சாம்பசிவம் ஓய்வுபெற்றபோது, அவர் கேட்டார் என்று வேண்டியவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமியின் பெயர் விட்டுப்போயிற்று. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்காக அதை அச்சடித்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள். ஒரே லயத்து வீட்டு வரிசையில் சுவரோடு சுவராக வாழ்ந்த மனிதர், சாம்பசிவம் வீட்டைக் காலிசெய்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். எஸ்டேட்டில், கடிதத்தில் இருக்கிற பெயர்களை யார் படிக்கிறார்கள்? இல்லாத பெயரைத்தான் தேடுவார்கள்.

அவள் எழுதியதைப் படித்துக்காட்டினாள். திருச்செல்வம் தலையை ஆட்டினார்.

"நல்லாருக்கு கிராணிம்மா. அஞ்சு மணிக்கு மகன் காடி ஓட்டிக்கிட்டு வந்துருவான். கிள்ளானுக்குப் போயிடலாம்ங்கிறான்." கொஞ்சம் நிறுத்தி, சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இங்க பக்கத்துல கம்போங் ராஜாவுல ஒரு வீடு வாடகைக்கு இருக்குன்னு யாசீன் பாய் சொன்னாரு. சின்ன வீடுதான். ரெண்டு பேருக்குப் போதும்."

அவருடைய மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. ரெண்டு பேர் என்றால் யார் என்று விக்னேஸ்வரிக்குப் புரியாமல் இல்லை. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ நாள் காத்திருந்தவள்தான். ஆனால் கழுத்தில் எதுவும் ஏறாமலே ஐம்பதைத் தொட்டுவிட்ட ஒருத்தி என்ன சொல்லவேண்டும் என்று ஊர் எதிர்பார்க்குமோ அதையே வாய் சொன்னது.

"மகன் இருக்கும்போது எதுக்கு இந்தக் குளிர்ல கெடந்துக்கிட்டு?"

"ஆமாலா," என்றார். பிறகு, "அப்ப இதுல ஒரு பேரு மட்டும் போடுங்க."

"யார் பேரு?"

"எழுதறவங்க பேரு."

அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றன. "தனியா பேரு போட்டா மத்தவங்க மனசு கஷ்டப்படும்," என்றாள்.

"பக்கிரிசாமி கூத்த நானும்தானே பாத்தேன். சரி, வேணாம்."

அவள் அனுப்பிவிட்டுத் தன் அறைக்குப் போனபோது அந்தக் கடிதம் அவளுக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தது. திறந்து படித்தாள். உங்கள் எல்லாரையும் நினைத்துக்கொண்டிருப்பேன் என்று அவர் எழுதியிருந்தார். அதாவது அவளே எழுதியிருந்தாள். அவர் முதன்முதலாக அவளுக்கு அனுப்பிய கடிதத்திலிருந்து அவளே தன்னை எடுத்துப் போட்டுவிட்டாள். அழுகை வந்தது. துரையின் வாழ்த்து வந்தது, தலைமையகத்தில் அவர் முகத்தையே பார்த்திராதவர்களின் வாழ்த்துகள் வந்தன.

சாவிகளை ஒப்படைக்க வந்தவர் அவள் மேசையருகே நின்றார்.

"எல்லாரும் பதில் போட்டுட்டாங்களாம். நீங்க போடலையா?"

"நான்தானே எழுதினேன்."

"எழுதுனது நீங்க. அனுப்புனது நான்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெளியே காடி ஹாரன் அடித்ததும் போய்விட்டார். வாசலில் கூடியிருந்தவர்களோடு போய் நிற்க அவளுக்குக் கால் வரவில்லை. பதில் எழுதினாள். இந்த முறை தயார் வாசகம் எதுவும் உதவவில்லை. "கம்போங் ராஜா வீட்டைக் கேளுங்கள். நானும் வருகிறேன்." இரண்டே வரிதான். யோசித்தால் அழித்துவிடுவோம் என்று பயந்து உடனே அனுப்பினாள்.

அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை என்றது. போகிறவர்களின் முகவரியை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். அதற்காகக் காலையிலேயே தலைமையகத்துக்கு எழுதிப்போட்டதும் அவள்தான்.

கைப்பேசியை எடுத்தாள். சன்னலுக்குக் கீழே மலைப்பாதை வளைவில், கூரைமேல் மெத்தையைக் கட்டியிருந்த காடி, திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லோரிக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. எண்ணை அழுத்திய பிறகுதான் உறைத்தது, அவரை என்னவென்று கூப்பிடுவது? தொழிற்சாலையில் மற்ற ஆண்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணன்கள். இவரை மட்டும் சில வருடங்களாக எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிப் பழகிவிட்டாள்.

"சொல்லுங்க," என்றது அவர் குரல்.

அவள் மூச்சு மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"சொல்லுங்க விக்னேஸ்வரி."

லோரி கடந்து, மேலே ஏறிப் போய்விட்டது. காடி இன்னும் வளைவிலேயே நின்றுகொண்டிருந்தது.