ரேடியோ டீச்சரின் கணக்கெடுப்பு

எங்கள் தெருவில் எனக்கு ரேடியோ டீச்சர் என்று பெயர். டீச்சர் என்பது என் வேலைக்கு, ரேடியோ என்பது என் வாய்க்கு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் தெருவில் அந்த ஊர்வாய் நான்தான். அப்படிப்பட்டவளை அதே தெருவுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். வீடுகளில் கேட்டதை வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று பயிற்சி வகுப்பில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் என் கணவருக்குப் புரையேறியது.

முதல் நாளே விஷயம் புரிந்துவிட்டது. அரசாங்கத்தைப் பார்த்து யாரும் பயப்படவில்லை, என்னைப் பார்த்துத்தான் பயந்தார்கள். மூன்றாம் வீட்டு ஆடிட்டர் கதவைப் பாதி திறந்து, "உங்ககிட்ட சொன்னா கவர்மெண்டுக்குப் போறதுக்கு முன்னாடி காய்கறிக் கடைக்குப் போயிடும் டீச்சர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தலைக்கு மை அடிப்பதை ஊருக்குச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

தெருக்கோடியில் தையல்காரி வீடு. முன்னறையில் மெஷின், பின்னால் ஒரு சின்ன அறை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். தான் மட்டும்தான் என்றாள். மெஷினுக்கு அடியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பின்னறையில் யாரோ இருமலை அடக்கினார்கள். எனக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. உள்ளே யார் என்று கேட்டே விட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. மறைத்துப் பயனில்லை என்று தெரிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். உள்ளே இருப்பது அவள் தங்கையும், தங்கையின் ஆறு வயது மகளும். புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்து நான்கு மாதமாகிறது. அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். எழுதினால் இது யார் கைக்கும் போகாது என்று பயிற்சியில் சொன்னதை ஒப்பித்தேன்.

"தாளைப் பத்தி எனக்குப் பயமில்ல டீச்சர். உங்களைப் பத்தித்தான். நின்னுபோன என் கல்யாணத்தை ஊர் முழுக்கச் சொன்னது நீங்கதானே?"

வாஸ்தவம். மூன்று வருஷத்துக்கு முன்னால், பேச்சுவாக்கில் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வரன் வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. தப்புத்தான் என்று சொல்லிவிட்டு ஃபாரத்தை மடித்தேன். அப்போது பின்னறைக் கதவு திறந்தது. மெலிந்த பெண், இடுப்பைக் கட்டிக்கொண்டு குழந்தை.

"எழுதிக்குங்க டீச்சர். நாலு மாசமா எங்கேயும் எங்க பேர் இல்ல. பள்ளிக்கூடத்துல இல்ல, ரேஷன்ல இல்ல. ஒரு இடத்துலயாவது நாங்க இருக்கோம்னு இருக்கட்டும்."

எழுதினேன். மூன்று பேர். என் கையெழுத்து அன்றைக்குப் போல அழகாக என்றைக்கும் வந்ததில்லை.

பத்து நாள் கழித்து அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. மனைவி மனக்கசப்பில் போய்விட்டாளாம், குழந்தை ஞாபகமாகவே இருக்கிறதாம். இந்தப் பக்கம் வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறான். போனில் போட்டோவைக் காட்டினான். "கணக்கெடுத்தது நீங்கதானாம். ரேடியோ டீச்சர்கிட்ட கேட்டா எல்லாம் தெரியும்னு டீக்கடையில சொன்னாங்க."

தெரியாது என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் தொலைந்தது. ரேடியோ திடீரென்று வாயை மூடினால், ஏதோ இருக்கிறது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே அவனை உட்காரவைத்துப் பேசினேன். இந்த முகத்தைப் பார்த்ததே இல்லை என்று தொடங்கி, தண்ணீர் மோட்டார் சண்டைக்குப் போனேன். அங்கிருந்து சாக்கடை அடைப்பு, ஆடிட்டர் தலைக்கு அடிக்கும் மை, என் முழங்கால் வலி, அதற்கு நான் பார்த்த ஐந்து டாக்டர்கள். எல்லாம் ஊரறிந்த பழைய சரக்கு. கணக்கெடுப்பில் கேட்டது அதில் ஒரு சொல்கூட இல்லை. அவன் எழுந்தான், உட்காரவைத்தேன். மறுபடி எழுந்தான், நான்காவது டாக்டரை மறுபடி ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில், இந்தத் தெருவில் அவள் இருந்தால் இந்த அம்மாள் எப்போதோ உளறியிருப்பாள் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனான். அதன் பிறகு வரவில்லை.

என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். "அந்தப் பொண்ணு யாருன்னு நெஜமாவே உனக்குத் தெரியாதா?"

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னிடமிருந்து அவருக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது இதையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டேனே, பழைய குணம் போகவில்லையே என்று நினைப்பீர்கள். தையல்காரி என்றேன் அல்லவா, அவள் தைப்பவள் இல்லை. வந்தவள் அவளுக்குத் தங்கையும் இல்லை. வீடு தெருக்கோடியில் இல்லை. குழந்தைக்கு ஆறு வயதும் இல்லை. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, சாயங்காலம் வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறது. எந்த வாசல் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.