பயிற்சி வகுப்பும் ஃபிரிட்ஜும்

ரொட்டிக் கடைக்காரிக்குத் தலைக்கு மேல் கவலை. கடை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்கு வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வரமாட்டான். விடுதிகளுக்குக் காலை ரொட்டி போய்ச் சேராவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவளுக்கும் கணவனுக்கும் வண்டி ஓட்ட வரும். உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுதான் பாக்கி. இருவரில் ஒருவராவது தேறியாக வேண்டும்.

அவள் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். கணவனுக்கு அது பிடிக்கவில்லை.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வகுப்பு எதுக்கு? புத்தகத்துல இருக்கறதத்தானே அந்த ஆளும் சொல்றாரு?"

"அவர் சொன்னா தூக்கம் வர்றதில்லைங்க. நீங்க புத்தகத்தத் திறந்தா ரெண்டாம் பக்கத்துலயே குறட்டை!"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாலைக் குறிகளைக் கத்தரித்து வீடெங்கும் ஒட்டித் தள்ளினான். மாடிப்படியில் 'செங்குத்தான ஏற்றம்', ஃபிரிட்ஜில் 'முந்தாதே', குளியலறைக் கதவில் 'நுழையாதே'. தம்பி அந்தக் கதவருகே நெளிந்துகொண்டு நின்றான். "மாமா, அவசரம். உள்ள போலாமா, கூடாதா?"

வகுப்பில் வேறு கூத்து. மாஸ்டர் படத்தைத் தூக்கிக் காட்டுவார். எல்லாரும் கைதட்டி, விடையைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினால்தான் மண்டையில் ஏறுமாம்.

தேர்வு நாளன்று இருவருக்கும் அடுத்தடுத்த கணினி. முதல் படம் வந்ததுமே அவள் கைகள் தாமாகத் தட்டின. "குறுகிய பாலம்!"

கண்காணிப்பாளர் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டார். "என்னம்மா இது, தேர்வா ஏலமா?"

"மன்னிச்சிருங்க சார். வாய மூடினா விடை வரமாட்டேங்குது."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தனியாக இருந்த கணினிக்கு அவளை அனுப்பினார். அங்கிருந்து பார்த்தால், கணவன் திரையை வெறித்துக்கொண்டிருந்தான். சட்டென்று எழுந்து நாலடி நடந்து, இல்லாத கதவொன்றைப் பிடித்து இழுத்தான்.

"எங்க சார் போறீங்க?"

"ஃபிரிட்ஜுக்கு சார்."

முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து 'முந்தாதே'யை அழுத்தினான். அடுத்த படத்துக்கு, நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கிப் படியேறினான். அதுவும் சரி. அவளுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மூன்றாவது படத்துக்குக் கூடத்தைக் கடக்க வேண்டும் போலிருக்கிறது. விறுவிறுவென்று நடந்தவன் நிஜமான கதவையே திறந்து வெளியே போய்விட்டான். இடையில் வெளியே போனால் தேர்வு முடிந்தது என்பது விதி. அவன் தேடிப் போனது 'நுழையாதே'.

அவள் கத்திக் கத்தியே தேறிவிட்டாள்.

வெளியே வந்ததும் அவன் பிடித்துக்கொண்டான். "வகுப்பால ஒண்ணும் நீ பாஸாகல. வீடு பூரா ஒட்டி வச்சேனே, அதப் பாத்துப் பாத்துத்தான் பாஸான."

அவள் யோசித்துப் பார்த்தாள். வகுப்பில் காட்டவே காட்டாத சில படங்கள் தேர்வில் வந்தது உண்மைதான். அவற்றைப் பாத்திரம் கழுவும்போது தினமும் பார்த்திருக்கிறாள்.

"சரிங்க, பாதி உங்க புண்ணியந்தான். அதனால திங்கட்கிழமை ரொட்டித் தட்டுகள்ல பாதிய நீங்க வண்டியில தூக்கி வச்சிடுங்க."

அவன் மார்பு விரிந்தது. "அப்படிச் சொல்லு! மீதிப் பாதி?"

"அதையும் நீங்கதான். நான் வண்டி ஓட்டணும்ல?"