மூன்று ராஜாக்கள் போன பிறகு

மர்சலின் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்காகக் காத்திருந்ததைவிட அது முடிவதற்காகக் காத்திருந்ததுதான் அதிகம். இதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்வார். ஐம்பது முறை சொன்னாலும் டெல்பின் அடுப்படியை விட்டுப் போகமாட்டாள்.

டெல்பின் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் எரிக்கின் மனைவி. ரோசரி சர்ச் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் மாமனார் கட்டிய வீடு ஒன்றுதான். இடது பாதியில் மர்சலினும் அவள் கணவர் ஹென்றியும் இருந்தார்கள். வலது பாதியில் எரிக்கும் டெல்பினும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போய்விட்டார்கள். நடுவில் முற்றத்தைப் பிளந்துகொண்டு ஒரு சுவர் நின்றது. ஒரு ஓட்டைகூட இல்லாமல் அடைத்துவிடத்தான் அண்ணன் தம்பி இருவருக்கும் ஆசை. ஆனால் ஹென்றி வீட்டு மீட்டர் எரிக் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. ஃபியூஸ் போனால் போட வழி வேண்டுமே! அதனால் சுவரில் ஒரு கதவு வைத்து, இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டார்கள். ஃபியூஸ் போகிற அன்றைக்கு ஹென்றி கதவைத் தட்டி, டார்ச்சோடு உள்ளே போய், யாரையும் பார்க்காமல் கம்பியைச் சுற்றிவிட்டு வருவார். அதுவரை எரிக் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் இரண்டு தாழ்ப்பாளும் விழும்.

சண்டை சொத்துக்காக இல்லை. அப்படி இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். மாமனாரின் கல்லறைக் கல்லில் யார் பெயர் முதலில் வருவது என்பதுதான் தகராறு. மூத்தவன் நான் என்றார் ஹென்றி. அப்பா கடைசி வரை படுத்திருந்தது என் பக்கத்து அறையில் என்றார் எரிக். கல் வெட்டுகிறவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முடிவு பண்ணிட்டு சொல்லியனுப்புங்க சார்" என்று உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். குயிபிள் ஐலண்டு கல்லறையில் அந்தக் கல் இன்னும் அப்படியே நிற்கிறது. மேலே மாமனார் பெயர், பிறப்பு, இறப்பு. கீழே 'அன்புடன் எழுப்பியவர்கள்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒருத்தரும் இல்லை.

சுவர் எழும்பிய வருஷத்து நள்ளிரவுப் பூசையில் ஒரு சிக்கல் வந்தது. கோயிலில் அப்பா உட்கார்ந்த பெஞ்சை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்குமே மனசில்லை. ஆளுக்கொரு ஓரமாக அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளச் சொல்லி சாமியார் அழைத்தபோது, பங்கு ஜனமே திரும்பி இவர்களைப் பார்த்தது. ஊர் பார்க்கும்போது கை கூப்பாமல் இருக்க முடியுமா? கூப்பினார்கள். சாமி முன்னால் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உர்ரென்று இருந்தால் பண்டிகைக்கு ஆகாதே என்று கதவையும் திறந்தார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும், அதாவது ஜனவரி ஆறு வரைக்கும், திறந்திருக்கட்டும் என்று ஏற்பாடு. அன்றைக்கு வாசல் நட்சத்திரத்தை இறக்கியதும் தாழ்ப்பாள் விழும். மறுநாளிலிருந்து மறுபடி யாரோ, எவரோ. இது அப்படியே வழக்கமாகிவிட்டது.

இந்தச் சமாதானத்தால் அண்ணன் தம்பிக்குக் கொண்டாட்டம். சாயங்காலமானால் முற்றத்தில் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வருஷம் முழுக்க "டீ இருக்கா", "பேப்பர் எங்க" என்பதைத் தாண்டிப் பேசாத ஹென்றி அப்போது வாய்விட்டுச் சிரிப்பார். மர்சலினுக்கு வாய்த்தது டெல்பின். காலையில் பல் தேய்த்த கையோடு கதவு வழியாக வந்துவிடுவாள். வந்தவள் சும்மா இருக்கமாட்டாள். அஞ்சறைப்பெட்டியை மாற்றி அடுக்குவாள், கொதிக்கிற குழம்பைத் திறந்து பார்ப்பாள், அடுப்பை ஏற்றுவாள், இறக்குவாள். சமாதான காலமாகையால் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல முடியாது.

"உங்க கேக் மாதிரி வராதுக்கா" என்பாள் டெல்பின், வந்திருக்கும் விருந்தாளிகள் முன்னால். "வெட்டறதுக்குத்தான் கையில கொஞ்சம் பலம் வேணும்."

"உன் கல்கல் பலகாரம் மட்டும் என்னவாம்?" என்பாள் மர்சலின் தேன் சொட்டச் சொட்ட. "பல்லு இருக்கறவங்க எல்லாரும் பாராட்டறாங்க."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். விருந்தாளிகளும் சிரிப்பார்கள். சொல்ல நினைத்ததை விழுங்கி விழுங்கி, புது வருஷம் பிறப்பதற்குள் மர்சலினுக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும்.

அப்புறம் ஏழாம் தேதி விடியும். தன் அடுப்படியில் தன் டம்ளரில் தன்னந்தனியாகக் காபி குடிப்பாள். ஒரு வாரத்துக்குச் சொர்க்கம்தான். பிறகு என்றைக்காவது ஒரு நாள் குழம்பில் உப்பு கூடிப்போகும். ஹென்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். மர்சலினுக்கு அப்போது அழுகை வரும். நீ ஆக்கியது கரிக்கிறது என்று சொல்லக்கூட வீட்டில் ஒரு நாதி இல்லையே என்று கதவைப் பார்ப்பாள். தட்டுவதற்கு வெட்கமாக இருக்கும். அந்தத் துக்கமும் நாலு நாளில் ஆறிவிடும். நவம்பர் வந்தால் மறுபடி டெல்பின் வருவாளே என்று அஞ்சறைப்பெட்டியை ஒளிக்க இடம் தேடுவாள். இப்படி, முடிந்தால் தேவலை என்றும் முடிந்துவிட்டதே என்றும் மாறி மாறித் தவித்தே அவளுக்குப் பண்டிகைகள் போயின.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஜனவரி ஆறாம் தேதி சாயங்காலம், ஹென்றி வழக்கம்போல வாசலில் ஸ்டூல் போட்டு ஏறினார். நட்சத்திரத்தின் கயிற்றில் கை வைத்தபோது எரிக் வந்து நின்றார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். எதற்கும் கையில் ஒரு ஆதாரம் வைத்துக்கொண்டு பேசுகிறவர்.

"அண்ணே, கொஞ்சம் இறங்குங்க. புது முறைப்படி சீசன் இன்னிக்கு முடியல. ஆண்டவர் திருமுழுக்கு விழாவோடதான் முடியுது. அது வர்ற ஞாயித்துக்கிழமை."

ஹென்றி பள்ளிக்கூடத்தில் மறைக்கல்வி எடுத்தவர். தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

"அது எனக்குத் தெரியாதா? ஸ்டூல் ஆடுதான்னு பாக்க ஏறினேன்" என்று இறங்கிவிட்டார்.

மர்சலினுக்குப் பகீரென்றது. மறுநாள் அஞ்சறைப்பெட்டியைத் தன் இஷ்டப்படி அடுக்குவதாக இருந்தாள். சரி, ஞாயிற்றுக்கிழமைதானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பூசை முடிந்து அண்ணனும் தம்பியும் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்கள். அவருக்குப் பசி. "பழைய முறையில பிப்ரவரி ரெண்டு, காணிக்கைத் திருநாள் வரைக்கும்கூடக் குடிலை வச்சிருப்பாங்க. உங்க சௌகரியம் போல செய்யுங்க" என்று சொல்லிவிட்டு இட்லிக்குப் போய்விட்டார்.

"அப்பா பழைய முறைக்காரர்" என்றார் ஹென்றி.

"அவரு மனசு நோகக் கூடாதுல்ல" என்றார் எரிக்.

பின்னால் நின்ற மர்சலினுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கதவு திறந்தே இருக்கட்டும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதைச் சொன்னால் யார் முதலில் சொன்னது என்று ஆகிவிடும். முதலில் சொன்னவன் தோற்றவன். அதைச் சொல்லத் துப்பில்லாமல் தலை நரைத்த இரண்டு பேர் திருச்சபையின் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. அடுப்படியில் மாட்டிக்கொண்டவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நினைத்ததும் இரண்டும் போய் எரிச்சல் வந்தது.

பொங்கல் வந்து போனது. வாசல் நட்சத்திரம் வெயிலில் வெளுத்து, ஒரு முனை கிழிந்து தொங்கியது. எதிர்வீட்டு ஜானு மாமி கோலப்பொடி டப்பாவோடு நின்றுகொண்டு மேலே பார்த்தாள்.

"ஏண்டி மர்சலின், எங்காத்துல போகியும் போயாச்சு, கனுவும் ஆயாச்சு. உங்காத்து கிறிஸ்மஸ் முடியவே மாட்டேங்கறதே! நாங்கள்ளாம் கொலுவுல விஜயதசமி அன்னிக்கே ஒரு பொம்மையைப் படுக்கப் போட்டு முடிச்சுண்டுடுவோம்."

"எங்க வீட்டுப் பொம்மைங்க ரெண்டும் படுக்க மாட்டேங்குது மாமி" என்றாள் மர்சலின்.

டெல்பின் இதற்குள் தன் வீட்டிலிருந்து ஒரு வெல்ல டப்பாவைக் கொண்டுவந்து மர்சலினின் அடுப்பு மேடையிலேயே குடியேற்றிவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மர்சலினுக்குக் காதில் புகை வந்தது. பிப்ரவரி ரெண்டு, பிப்ரவரி ரெண்டு என்று மனசுக்குள் ஜெபம் போலச் சொல்லிக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. கோயிலில் மந்திரித்த மெழுகுவர்த்திகளோடு எல்லாரும் வீடு திரும்பினார்கள். நொச்சிக்குப்பத்தில் வாங்கிய வஞ்சிரம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் எரிக் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்கு லூர்து மாதா நவநாள் ஆரம்பம் அண்ணே. நவநாள் நடுவுல தாழ்ப்பாள் போட்டா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது" என்றார் ஹென்றி உடனே.

"பதினொண்ணாம் தேதி திருநாள். மறுநாளே சாம்பல் புதன் வருது."

"தவக்காலத்துல சண்டை போடறது பெரிய பாவமாச்சே."

"அப்புறம் ஈஸ்டர்."

"மே மாசம் மாதா வணக்க மாசம்" என்றார் ஹென்றி. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

மர்சலின் அடுப்படியில் நின்று கணக்குப் போட்டாள். மே போனால் ஜூன், இருதய ஆண்டவர். ஜூலை, திரு இரத்த வணக்க மாசம். ஆகஸ்டில் விண்ணேற்பு, செப்டம்பரில் பெசன்ட் நகர் மாதா திருநாள், அக்டோபரில் ஜெபமாலை. நவம்பரில் இறந்தவர்களுக்காக ஒரு மாசம். எங்கேயும் ஒரு சின்ன இடுக்குகூட இல்லை. வெளியேற வழியே வைக்காமல்தான் திருச்சபை வருஷத்தைக் கட்டியிருந்தது.

அதே சமயம் டெல்பின் சட்டியைத் திறந்தாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டாள். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுக்கா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரிய வெல்லக்கட்டியைக் குழம்பில் போட்டாள்.

"கரண்டியைக் கீழ வை" என்றாள் மர்சலின்.

"என்னக்கா?"

"கீழ வைன்னேன். மீன்குழம்புல வெல்லம் போடறவ இந்த மெட்ராஸ்லயே நீ ஒருத்திதான். குழம்பு வைக்கறியா, பாயாசம் காய்ச்சறியா?"

இத்தனை கிறிஸ்துமஸ்களில் இந்த அடுப்படியில் இப்படி ஒரு பேச்சு எழுந்ததில்லை. டெல்பின் கரண்டியை டங்கென்று மேடையில் வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். நெடுநாள் அடைத்த மூக்கு திறந்துகொண்ட மாதிரி அவள் முகத்தில் ஒரு தெளிவு.

"புளியைக் கொட்டிக் கொட்டிப் பெரியத்தான் வயித்தைப் புண்ணாக்கினது யாரு? நான் வெல்லம் போடலன்னா அவரு இன்னிக்கு ஆஸ்பத்திரியில இருப்பாரு. மாமாவே சொல்லிட்டுத்தான் செத்தாரு, சின்னவ கையாலதான் ஒரு வாய் இறங்குதுன்னு!"

"மாமா சொன்னாரா? ராத்திரியில முழிச்சிருந்து பெட்பேன் வச்சது யாருடி? நீ அப்ப குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே!"

"பகல் பூரா தூக்கி உக்கார வச்சு, குளிப்பாட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது யாரு? நீங்க அப்ப ராத்திரி முழிச்சேன், ராத்திரி முழிச்சேன்னு சொல்லிச் சொல்லித் தூங்குனீங்க!"

"பெத்த பிள்ளைங்க ரெண்டும் அப்போ எங்க இருந்துச்சு?"

"வாசல்ல நின்னு டாக்டரோட இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருந்துச்சு!"

இந்த ஒன்றில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லாததால் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டார்கள். மர்சலினுக்குக் காதெல்லாம் சுட்டது. நெஞ்செரிச்சலைக் காணோம். டெல்பினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த ரவுண்டுக்கு வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் முற்றத்தில் நின்ற இருவரையும் பார்த்தார்கள். இத்தனை நாள் காலண்டரைக் காட்டிக் காட்டிக் கட்டிக்காத்த சமாதானம் கண்முன்னால் சட்டியோடு கவிழ்ந்ததில் ஹென்றியின் முகம் செத்துப்போயிருந்தது. எரிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முறிஞ்சு போச்சு" என்றார் ஹென்றி. "நாம ஒண்ணும் செய்யறதுக்கில்ல. டெல்பின், நீ உன் பக்கம் போம்மா. எரிக், நீயும் கிளம்பு." கதவிடம் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். கை வைத்த பிறகும் அவருக்கு அதை இழுக்க மனசு வரவில்லை.

"அதைத் தொட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற!" என்று கத்தினாள் மர்சலின்.

"சண்டை வந்துடுச்சே மர்சலின்..."

"வரட்டுமே! கதவைச் சாத்திட்டா நான் யாரோட சண்டை போடறது? உங்களோடயா?"

"அதானே!" என்றாள் டெல்பின், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நீங்க சொல்லுங்கக்கா. ராத்திரி நான் குறட்டை விட்டேன்னீங்க. எந்த ராத்திரி?"